தள்ளிப்போன படுகளம்

ஈரோட்டில் இயங்கும் எங்கள் நாடகக் குழுவில் மேடை நிர்வாகம் என் பொறுப்பு. பொன்னர், சங்கர் என்னும் வீரச் சகோதரர்களைப் பாடும் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையைத் தழுவி நாங்கள் தயாரித்த நாடகம் 2020 மார்ச் இறுதியில் அரங்கேறுவதாக இருந்தது. கொரோனா பரவலை முன்னிட்டுத் திரையரங்குகளையும் வணிக வளாகங்களையும் மார்ச் 31 வரை மூடும்படி தமிழக அரசு 16ஆம் தேதி அறிவித்ததுமே, மண்டபக்காரர் தொலைபேசியில் அழைத்துக் கையை விரித்துவிட்டார். 22ஆம் தேதி மத்திய அரசு முடக்கத்துக்குப் பரிந்துரைத்த மாவட்டங்களில் சென்னை, காஞ்சிபுரத்தோடு ஈரோடும் இருந்தது.

நுழைவுச்சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவது, ஒலி, ஒளிக்காரர்களிடம் கொடுத்த முன்பணத்தை அடுத்த தேதிக்கு வரவு வைக்கச் சொல்வது போன்ற வேலைகள் ஒருவாறு முடிந்தன. நடிகர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்களும் அரசு, வங்கி ஊழியர்களும்தான். மேடை ஏறாவிட்டாலும் அவர்களுக்கு மாதச் சம்பளம் வந்துவிடும். எங்களிடையே பாட்டை நம்பிப் பிழைத்தவர், கதைப்பாட்டுக்காக நாங்கள் அழைத்திருந்த உடுக்கைக் கலைஞர் ஒருவரே.

கொங்குக் கிராமங்களில் அண்ணன்மார் கதையை இரவு இரவாகப் பாடி, வீரர்கள் போரில் மாண்டு விழும் படுகளம் வரை கொண்டுசேர்ப்பவர் அவர். கோயில் நோன்புக் காலத்து வருமானத்தை வைத்தே மழைக்காலத்தையும் ஓட்டியாக வேண்டும். கோயில்களும் சாத்தப்பட்டபின் நான் தயங்கித் தயங்கி அழைத்தபோது, "பங்குனி போச்சுன்னா அடுத்த பங்குனிதானுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பாதிச் சம்பளமாவது இப்போதே தர வேண்டும் என்று நான் கேட்டதற்கு, நடக்காத நாடகத்துக்கு எப்படிச் செலவெழுதுவது என்று பொருளாளர் மறித்தார். கணக்கு நோட்டின்படி அது நியாயமான கேள்விதான். ஆனால் அதே நோட்டில், நடக்காத நாடகத்தின் சுவரொட்டிச் செலவு எந்த மறுப்புமின்றி ஏறியிருந்தது. கடைசியில் நாங்கள் சிலர் கைப்பணம் போட்டு அனுப்பினோம். அது சம்பளமாகப் போகாமல் உதவியாகப் போனதில் எனக்கு இன்றும் உறுத்தல் உண்டு.

திரையரங்குகள் 2020 நவம்பர் 10 முதல் பாதி இருக்கைகளுடன் திறக்கப்பட்டதும் மீண்டும் ஒத்திகைக்குக் கூடினோம். அங்கே படுகளக் காட்சியே சிக்கலாயிற்று. மாண்ட வீரர்கள் ஒருவர் கால்மாட்டில் இன்னொருவர் தலை வைத்துக் கிடக்க, அண்ணன்மாரின் தங்கை தங்காள் அவர்களிடையே நடந்து தீர்த்தம் தெளித்து எழுப்ப வேண்டும். ஆறடி இடைவெளி விட்டுப் படுக்க வைத்தால் மேடையில் நால்வருக்கே இடமிருந்தது; போர்க்களம், பகல் தூக்கம் போடும் திண்ணையைப் போலத் தெரிந்தது. நடிகர்களைக் குறைத்து, மீதிப் போரை உடுக்கையின் வேகத்திலேயே கேட்கவைத்தோம். நெருக்கடியில் செய்த அந்த மாற்றம், என் கணிப்பில், பழைய வடிவத்தைவிட நன்றாகவே அமைந்தது.

திருவிழாக்களுக்கு 2021 ஏப்ரல் 10 முதல் மறுபடியும் தடை வந்தது. எங்கள் தேதியும் போயிற்று. உடுக்கைக் கலைஞருக்கு இரண்டாவது பருவமும் போயிற்று.

நாடகம் 2022 கோடையில்தான் மேடை கண்டது. இம்முறை உடுக்கைக் கலைஞருடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டோம்: எந்தக் காரணத்தால் தேதி மாறினாலும், முதலில் குறித்த தேதியன்றே பாதித் தொகை அவர் கைக்குச் சேர்ந்துவிட வேண்டும். பொருளாளரும் கையெழுத்திட்டார். இப்போது ஒப்பனைக்காரரும் ஒலிபெருக்கிக்காரரும் தங்களுக்கும் அதே விதி வேண்டும் என்கிறார்கள். குழு இன்னும் முடிவெடுக்கவில்லை.