தண்டனைக் குறைப்பு மேல்முறையீடு

"தீர்ப்பை எதிர்க்கவில்லை, தண்டனையை மட்டும் குறையுங்கள்" என்று மேல்முறையீட்டில் கேட்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் இழப்பீடு கொடுத்தால் சிறை தப்பும் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பஞ்சாபில் கார் மோதி இருவர் இறந்த வழக்கில், இழப்பீட்டைக் காரணம் காட்டி ஓராண்டுச் சிறையை, ஏற்கெனவே அனுபவித்த 24 நாள்களாக உயர் நீதிமன்றம் குறைத்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாதமாக உயர்த்தியது. அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கான பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் உச்சபட்சமே இரண்டாண்டுதான். 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்துகளுக்குப் புதிய சட்டப்படி ஐந்தாண்டு வரை போகலாம். வீட்டின் ஒரே சம்பாத்தியக்காரர் என்ற வாதம் எனக்கு ஒட்டவே இல்லை. இறந்தவர் வீட்டில் யார் சம்பாதித்தார்களாம்? எப்படியும், மாஜிஸ்திரேட் தண்டித்தால் 30 நாள்களுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போய்விட வேண்டும்.