கூட்டம் கலைய முன் வாசிக்கப்பட்ட குறிப்பு

எமது பாடசாலையின் ஒன்றுகூடல் மண்டபத்துக்குப் புதுக் கூரை போட்டு ஒரு வருடம்கூட ஆகாத 2013 ஆம் ஆண்டின் ஐப்பசி மாதத்தில், சுற்றுவட்டாரப் பாடசாலைகளிலிருந்து வந்த மாணவ முதல்வர்கள் நூறு பேருக்கு மேல் அந்த மண்டபத்தின் சீமெந்துத் தரையில் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். கதிரைகள் போதாமையால், இருந்தவற்றை விருந்தினருக்கும் ஆசிரியர்களுக்கும் கொடுத்திருந்தோம். மேடையின் பின்புறத்தில் 'இளையோர் தலைமைத்துவ நாள்' என்று எங்கள் சித்திரப் பாட ஆசிரியை கடதாசியில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் இருந்தன. நான் அப்போது தரம் 12 இல் உயிரியல் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். போரில் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமின் கூடாரமொன்றில் தரம் 8 பாடங்களைப் படித்து, மீள்குடியேற்றத்தோடு கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எங்களைத் தலைவர்கள் என்று ஒருவர் அழைத்ததை முதன்முதலாகக் கேட்ட நாள் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இன்று பிரித்தானியாவில் ஒரு மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரியும் நான், அந்த நாளைப் பற்றி இம்மலரில் எழுத விரும்பியதற்குக் காரணம் உண்டு. தாயகத்துப் பாடசாலையில் இத்தகைய நாட்களை நடத்துவதற்கு எமது பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் பணம் அனுப்புகின்றது. மேடையில் யாரை ஏற்றுவது என்ற பேச்சு நிருவாகக் குழுவில் எழும்போதெல்லாம், பெரிய பட்டமும் பெரிய பதவியும் உடையவர்களின் பெயர்களே முதலில் வருகின்றன. அப்படிப்பட்டவர்களின் பேச்சைக் கேட்ட மாணவி என்ற முறையில், எம்மிடம் எது தங்கியது, எது தங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருப்பதாக நினைக்கின்றேன்.

அன்றைய முதற் பேச்சாளர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். அதற்கு முந்திய மாதத்தில்தான் கிளிநொச்சிக்குப் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது. அவர் அந்தப் புகையிரதத்தில் வந்து இறங்கியதே எங்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. கம்பீரமான குரல், தடையில்லாத தமிழ். கனவு காண்பது பற்றியும், வறுமையில் பிறந்து உலகை வென்றவர்கள் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினார். 2012 தை மாதத்தில் அப்துல் கலாம் அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து மாணவரிடையே உரையாற்றியிருந்தார். கேட்போரைத் தம்முடன் சேர்ந்து உறுதிமொழி சொல்லவைப்பது அவருடைய வழக்கம். எங்கள் பேச்சாளரும் அதே முறையில் எம்மை எழுந்து நிற்கவைத்து, 'என்னால் முடியும்' என்று மூன்று முறை சொல்லவைத்தார். மண்டபம் அதிர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை; அந்த உற்சாகத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. முகாமிலிருந்து வந்த பிள்ளைகள் தம் குரலைத் தாமே உரத்துக் கேட்பதற்கும் ஒரு பெறுமதி இருந்தது. ஆனால் பேச்சின் முடிவில், 'நடந்தவற்றையெல்லாம் மறந்துவிடுங்கள், இனி முன்னால் மட்டும் பாருங்கள்' என்று அவர் சொன்னபோது, எனக்கு அருகில் இருந்த தோழி மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுடைய தகப்பனார், போர் முடிந்த 2009 வைகாசிக்குப் பின் எங்கே என்று இன்றுவரை தெரியாது. நல்ல மனத்தோடு சொல்லப்பட்ட சொல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனினும், யாருக்கு முன்னால் நிற்கிறோம் என்பதை அறியாமல் சொல்லப்படும் நல்ல சொல்லும் காயப்படுத்தும் என்பதை அன்று கண்டேன்.

அடுத்து ஒரு வங்கி உத்தியோகத்தர் சேமிப்புப் பற்றிப் பேசினார். அது பயனுள்ள பேச்சுத்தான், ஆனால் அதில் ஒரு வரியும் இப்போது நினைவில் இல்லை.

மூன்றாவதாக வந்தவர், முகமாலைப் பகுதியில் மிதிவெடி அகற்றும் பணியில் இருந்த ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்த சிறிது நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. பின்வரிசைக்குக் குரல் கேட்காது என்று பிரதி அதிபர் தயங்கியபோது, அவர் மேடையிலிருந்து இறங்கி எங்கள் நடுவே வந்து, 'பிள்ளையள், எனக்குப் பேசத் தெரியாது. நான் என்ர வேலையைச் செய்து காட்டுறன். பாயைக் கொஞ்சம் சுருட்டுங்கோ' என்றார்.

துணிப்பையிலிருந்து நான்கு தடிகளையும் ஒரு நூல் உருண்டையையும் எடுத்தார். தடிகளின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையுமாகப் பூசப்பட்டிருந்தது. தரையில் ஒரு மீற்றர் அகலத்தில் நூலை இழுத்து ஒழுங்கை போல ஆக்கி, அதன் தொடக்கத்தில் முழங்காலிட்டு அமர்ந்தார். கவச அங்கியும் முகமூடியும் அணிந்து வெயிலில் இப்படித்தான் நாள் முழுவதும் இருப்பதாகவும், சிறு முள்வாரியால் மண்ணை மெல்ல மெல்ல வாரி, பார்த்து முடித்த பின்னரே தடியை ஒரு கையளவு முன்னால் நகர்த்துவதாகவும் சொல்லி, அதைச் செய்தும் காட்டினார். சீமெந்துத் தரையில் ஒன்றும் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்திருந்தும், அந்த முள்வாரி உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மண்டபம் மூச்சுவிடாமல் இருந்தது. அடர்த்தியாக வெடி புதைக்கப்பட்ட இடமென்றால் ஒரு நாள் முழுவதும் வேலை செய்தும் சில சதுர மீற்றர்களே முடியும் என்றார். துப்புரவாக்கியவரே அந்த இடம் சரியென்று கையெழுத்திட முடியாது, வேறொருவர் வந்து திரும்பப் பார்க்க வேண்டும் என்பதையும் விளக்கினார். பின்னர் சொன்னதை நான் அன்றே அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன்: 'பாக்காத இடத்தைப் பாத்தனெண்டு சொன்னால், அதில நான் காலை வைக்கமாட்டன். நாளைக்கு ஆடு மேய்க்க வாற பிள்ளைதான் வைக்கும்.'

பயமில்லையா என்று தரம் 10 மாணவன் ஒருவன் கேட்டான். 'பயம் இருக்கு. பயமில்லாமல் வேலைக்குப் போற நாளில மேற்பார்வையாளரிட்டச் சொல்லிப்போட்டு ஓரமாய் இருந்திடுவன்' என்றார். அந்த நேரத்தில், வெளியே போன என் தோழி யன்னலோரத்தில் வந்து நின்றிருந்தாள். அங்கிருந்தபடியே, 'அக்கா, நடந்ததை மறக்கத்தான் வேணுமோ?' என்று கேட்டாள். அந்தப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. கீழே கிடந்த தடிகளில் ஒன்றை எடுத்துச் சிவப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'குறிச்சு வைச்ச இடத்தை நாங்கள் மறக்கிறதில்லை அம்மா. அதைக் குறிச்சு வைச்சிருக்கிறபடியாத்தான் பக்கத்து வளவில சனம் வீடு கட்டி இருக்கினம்' என்றார். தோழி உள்ளே வந்து என்னருகில் அமர்ந்தாள். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

மதியத்துக்குப் பின் வந்தவர் எங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர். அறுபது வயதைத் தாண்டியவர். என் அப்பாவுக்கு நன்கு தெரிந்தவர். கரும்பலகையைக் கொண்டுவரச் சொல்லி, இரணைமடுக் குளத்தை ஒரு வட்டமாகவும் அதன் வாய்க்கால்களைக் கோடுகளாகவும் கீறினார். அப்போது குளத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் 34 அடி. 2018 இல் புனரமைக்கப்பட்ட பின்னர்தான் அது 36 அடியானது. காலபோகத்துக்கு மாரி மழை கை கொடுத்துவிடும் என்றும், குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடையில் விதைக்கும் சிறுபோகத்தில்தான் மனிதருடைய குணம் தெரியும் என்றும் சொல்லி, எங்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். ஆயிரம் ஏக்கர் வயல் இருக்கிறது, முந்நூறு ஏக்கருக்குத்தான் தண்ணீர் இருக்கிறது, நீங்கள்தான் கூட்டத்தைத் தலைமை தாங்குகிறீர்கள், என்ன செய்வீர்கள்?

மண்டபம் சந்தையாகிவிட்டது. குளத்துக்குக் கிட்ட இருப்பவர் விதைக்கட்டும் என்றனர் சிலர். அவர்களுடைய காணிகள் அங்கே இருந்தன. வாய்க்காலின் கடைசியில் காணி உள்ள வீட்டுப் பிள்ளைகள், எல்லோரும் தத்தம் காணியில் முப்பது வீதம் விதைக்க வேண்டும் என்றனர். செயலாளர் எல்லாவற்றையும் எழுதினார், யாரையும் மறிக்கவில்லை. பிறகு, ஒவ்வொருவரும் தத்தம் காணியில் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் எல்லா வாய்க்காலிலும் தண்ணீர் ஓடவேண்டும், ஓடுகிற தண்ணீரில் பெரும் பங்கை மண்ணே குடித்துவிடும் என்று விளக்கினார். ஆகையால் ஒரே தொடர்ச்சியான பகுதியை மட்டும் விதைத்து, அந்த நிலத்தையே எல்லாக் கமக்காரருக்கும் பங்காகப் பிரித்துக் கொடுப்பது பழைய வழக்கம் என்றார். சிங்களக் கிராமங்களில் இதனைப் 'பெத்ம' என்று அழைப்பதாகவும் சொன்னார். தன் காணியை மற்றவன் விதைப்பதற்குக் கொடுக்க ஒருவனைச் சம்மதிக்கச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை, அப்பா கூட்டம் முடிந்து கோபத்தோடு வீட்டுக்கு வந்த இரவுகளில் நான் கண்டிருக்கிறேன். இவ்வளவும் நடப்பதற்குக் கூட்டம் ஒன்று வேண்டியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஒரு முறை தமது கூட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுந்து போனதாகவும், விதைப்புத் தொடங்கிய பின் ஆளுக்கு ஒரு முடிவைச் சொன்னதாகவும், இரு குடும்பங்கள் மண்வெட்டியோடு வாய்க்காலில் எதிரெதிரே நின்றதாகவும் அவர் மறைக்காமல் சொன்னார். 'பிழை என்னில. நான் குறிப்பை வீட்டை கொண்டுபோய்த்தான் எழுதினனான். அதுக்குப் பிறகு, கூட்டம் கலைய முன்னம் எழுதினதை உரத்து வாசிக்காமல் நான் ஒருத்தரையும் எழும்ப விடுறதில்லை. முடிவெடுக்காத விசயம் இருந்தால், அதையும் முடிவெடுக்கேல்லை எண்டு வாசிப்பன்.' அன்றும் அப்படியே, எங்கள் சண்டையில் எழுந்த கருத்துகள் அனைத்தையும், ஒத்துவராத இரண்டையும் சேர்த்து வாசித்த பின்னரே எங்களைத் தேநீருக்கு விட்டார்.

இந்த இருவரிடமிருந்து பெற்றவை என் தொழிலில் நாள்தோறும் பயன்படுகின்றன. இரவுப் பணி முடிந்து அடுத்த அணியிடம் நோயாளரை ஒப்படைக்கும்போது, நான் சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொல்லாமல் நான் விடுவதில்லை. ஆபத்தான மருந்துகளை இரண்டாவது தாதி ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியைச் சிலர் தம்மீதான அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். எனக்கு அது ஒருபோதும் அப்படித் தோன்றவில்லை. முகமாலையில் முழங்காலிட்டிருந்தவரும் தன் வேலையை மற்றவர் பார்க்கக் கொடுத்தார். நேரமின்மையால் ஒரு நோயாளியின் இரத்த அழுத்தத்தை எடுக்கவில்லையென்றால், எடுக்கவில்லை என்றே பதிகின்றேன். முதற் பேச்சாளர் சொல்லவைத்த 'என்னால் முடியும்' என்ற சொல் பரீட்சைக்கு முன் சில நாட்கள் துணையாக இருந்தது. அதற்கு நான் நன்றியுடையவள். ஆயினும், ஒரு வேலையை எப்படிச் செய்வது, எங்கே தவறினோம், தவறிய பின் எதை மாற்றினோம் என்று சொன்னவர்களே என்னோடு இத்தனை தூரம் வந்திருக்கின்றார்கள்.

கடந்த ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போனபோது, சங்கத்தின் சார்பில் அதே மண்டபத்தில் நானும் பேச்சாளராக நின்றேன். இப்போது எல்லோருக்கும் கதிரை இருக்கிறது. படங்களோடு ஆயத்தம் செய்து போயிருந்தேன். தாதியர் கல்லூரியில் சேர்ந்தது, வன்னியில் மருத்துவமனையொன்றில் வேலை செய்தது, பின்னர் கடல் கடந்தது என்று என் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லி முடிக்க நாற்பது நிமிடங்கள் ஆயின. பிள்ளைகள் மரியாதையோடு கேட்டார்கள். அவர்களுடைய கண்களைப் பார்த்தபோது, நான் அந்தக் கொழும்புப் பேச்சாளரின் இடத்தில் நிற்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது. மீதி நேரத்தைக் கேள்விகளுக்கு விட்டேன். ஒரு மாணவியை அழைத்துக் குறிப்பு எழுதச் சொன்னேன்.

முதற் சில கேள்விகள் விசா, சம்பளம், ஆங்கிலப் பரீட்சை பற்றியவை. பின்னர் தரம் 11 மாணவி ஒருத்தி எழுந்தாள். 'அக்கா, எங்கட அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் வாட்டில தாதிமார் காணாது எண்டு சொல்லினம். நீங்கள் திரும்பி வருவீங்களோ?' என்று கேட்டாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவளுக்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அப்பாவின் விவசாயக் கடனும் தம்பியின் படிப்பும் என்னை எப்படி அனுப்பின என்பதைச் சொன்னேன். உரம் இல்லாமல் விளைச்சல் போன அந்த வருடங்களை அவர்களும் அறிந்திருந்தார்கள். வருவேன் என்று சொல்ல நா எழுந்தது. சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நிருவாகக் குழுவிடம் நான் கேட்பது இவைதாம். அடுத்த ஆண்டுக்கான பணத்தில், எம்மில் ஒருவர் போய்வரும் பயணச் செலவை ஒதுக்குவதற்கு முன்னர், அதே ஊரில் வாழும் ஒரு குடும்பநல உத்தியோகத்தரையோ, கமக்காரரையோ, கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கு வைத்திருக்கும் ஒருவரையோ அழைக்குமாறு அதிபரிடம் கேட்போம். இலங்கை 2017 இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 க்குள் வெடிகள் அகற்றப்பட வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் இன்னமும் எங்கள் கிராமங்களில்தான் இருக்கிறார்கள். பேச்சுக்கு அரை மணி நேரம் போதும். மிகுதியைப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடுவோம்.

அன்று மண்டபம் கலைய முன், குறிப்பு எழுதிய மாணவியை எழுந்து வாசிக்கச் சொன்னேன். கேள்விகளையும் பதில்களையும் ஒவ்வொன்றாக இலக்கமிட்டு எழுதியிருந்தாள். ஏழாவதாக, 'அக்கா திரும்பி வருவாவா என்று கேட்கப்பட்டது. காரணம் சொன்னார். முடிவு சொல்லப்படவில்லை' என்று தெளிவான குரலில் வாசித்தாள். வாசித்து முடித்ததும் கொப்பியை என்னிடம் நீட்டினாள். எழுதியது சரி என்று நான் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.