விண்டோஸ் மாத்தினேன், கல்யாண வீடியோ இருந்த டிரைவ் காணாம போச்சு

காவேரிப்பட்டணத்துல சின்னதா ஒரு ஸ்டுடியோ வச்சிருக்கேன், கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுன்னு எது வந்தாலும் போட்டோ வீடியோ ரெண்டும் நாமதான் பண்றது. எடிட்டிங்குக்கு 8வது ஜெனரேஷன் ஐ5 பிராசஸர் போட்ட சிஸ்டம் ஒண்ணு இருக்கு, ஏழு வருஷமா மாடு மாதிரி உழைச்சிட்டு இருந்துச்சு, அதுல நானே கைய வச்சு மூணு நாள் தூக்கத்தை தொலைச்ச கதைதான் இது.

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுதுன்னு தெரியும்ல. இன்னும் ஒரு வருஷம் அப்டேட் வாங்கிக்கிற வழியும் இருந்துச்சு, ஆனா தீபாவளி முடிஞ்சு வேலை கொஞ்சம் காலியா இருக்கவும் சரி 11க்கே போயிடலாம்னு உக்காந்துட்டேன். அதுக்கு டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு வசதி வேணும், ஆன் ஆகும்போதே நம்பகமான சாஃப்ட்வேர்தானான்னு சோதிக்கிற செக்யூர் பூட் வேணும். ரெண்டுமே மதர்போர்டுல இருந்துச்சு, விண்டோஸுக்கு முன்னாடியே ஓடுற பயாஸ் செட்டிங்ஸ்ல ஆஃப்ல கிடந்துச்சு அவ்வளவுதான். பிரச்சினை என்னன்னா என்னோட பழைய விண்டோஸ் எம்பிஆர்ங்கிற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில போட்டது, செக்யூர் பூட்டுக்காக சிஎஸ்எம்ம, அதாவது பழைய முறையில பூட் ஆக விடுற செட்டிங்க, ஆஃப் பண்ணினா அது பூட்டே ஆகாது. இருக்கிறத அழிக்காம எம்பிஆர்ல இருந்து ஜிபிடிங்கிற புது முறைக்கு மாத்துற டூல் விண்டோஸ்லயே இருக்குன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, அது முன்னாடியே தெரிஞ்சிருந்தா இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

நான் என்ன பண்ணினேன், புதுசா ஒரு எம்.2 எஸ்எஸ்டி, கேபிள் இல்லாம போர்டுலயே சொருகுற சின்ன பட்டை, வாங்கி அதுல கிளீனா விண்டோஸ் 11 போட்டேன். பழைய 120 ஜிபி எஸ்எஸ்டிய கழட்டி வச்ச அன்னைக்கே மச்சான் வந்தாப்ல, "மாமா இது சும்மாதான கிடக்கு, என் லேப்டாப்புக்கு போட்டுக்கறேன்"னு எடுத்துட்டு போயி அன்னைக்கு ராத்திரியே ஃபார்மேட்டும் பண்ணிட்டாப்ல. ஆக, திரும்பி போற வழியும் அடைஞ்சு போச்சு.

விண்டோஸ் ஏறி முடிச்சதும் திஸ் பிசிய திறந்து பாத்தா சி இருக்கு, 2 டிபி டிஸ்க் இருக்கு, எஃப் டிரைவ் இல்ல. அந்த எஃப்லதான் ஆவணி முகூர்த்தம் மொத்தமும் இருக்கு. ஒரு பார்ட்டிக்கு கிருஷ்ணகிரில மண்டபம், கேஆர்பி டேம்ல அவுட்டோர் ஷூட்னு ரெண்டு நாள் எடுத்தது, வீடியோவே இன்னும் குடுக்கல. பொண்ணோட அண்ணன் வாரத்துக்கு ரெண்டு தடவ போன் போடுறவரு.

எஃப் பத்தி கொஞ்சம் சொல்லணும். அது ஒரே டிஸ்க் கிடையாது, ரெண்டு 1 டிபி ஹார்ட் டிஸ்க். முன்னாடி ஒரு காலத்துல ஒரே பெரிய டிரைவா தெரியட்டும்னு ரெண்டையும் டைனமிக் டிஸ்க்கா, அதாவது பல டிஸ்க்க ஒண்ணா சேக்க விடுற விண்டோஸ் முறைக்கு, மாத்தி ஒண்ணா சேத்து வச்சிருந்தேன், அதுக்கு ஸ்பேன்டு வால்யூம்னு பேரு. இதுல ஒரு டிஸ்க் போனா மொத்தமும் போன மாதிரிதான்னு அப்ப யாரும் சொல்லல, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், காசு மிச்சம்ல.

விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேத்து அமுக்கி வர்ற லிஸ்ட்ல டிஸ்க் மேனேஜ்மென்ட் போனேன். அங்க ஒரு 1 டிபி டிஸ்க் இருக்கு, பக்கத்துல மஞ்சள் முக்கோணம் மாதிரி ஒரு குறி, "ஃபாரின்"னு எழுதியிருக்கு. ஏழு வருஷமா இதே டப்பாக்குள்ள கிடந்த டிஸ்க் எப்படா ஃபாரின் போச்சுன்னு கடுப்புலயும் சிரிப்பு வந்துச்சு. ரைட் கிளிக் பண்ணினா இம்போர்ட் ஃபாரின் டிஸ்க்ஸ்னு ஒண்ணு, சாதா டிஸ்க்கா மாத்துற கன்வர்ட் டு பேசிக் டிஸ்க்னு ஒண்ணு. தெரிஞ்ச சர்வீஸ் ஆளுக்கு போன் போட்டா "பேசிக்கா மாத்திடுங்க சார், சரியாயிடும், டேட்டா போச்சுன்னா ரெக்கவரி பண்ணிக்கலாம், எட்டாயிரம் ஆகும்"னு பட்டுனு சொல்றாரு. டேட்டா போச்சுன்னான்னு அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைலதான் நான் தப்பிச்சேன். பேசிக்கா மாத்தினா அதுல இருக்கிற வால்யூம் காலி. மவுஸ்ல இருந்து கைய எடுத்துட்டு டீக்கடைக்கு போயிட்டேன், ரெண்டு நிப்பட்டு உள்ள போனாதான் எனக்கு மூளை வேலை செய்யும்.

வந்து இம்போர்ட்ட மட்டும் தொட்டுப் பாத்தேன். ஓகே குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பொட்டி வரும், அதுல வால்யூம் நிலைமை போட்டிருக்கும், எனக்கு டேட்டா இன்கம்ப்ளீட்னு வந்துச்சு. கேன்சல் பண்ணிட்டேன். இப்பதான் உறைச்சுது, ரெண்டு டிஸ்க்ல ஒண்ணுதான் கண்ணுல படுது, இன்னொண்ணு ஆளையே காணோம். ரெண்டும் இல்லாம இம்போர்ட் பண்ணியிருந்தா இருக்கிறதும் போயிருக்கும்.

காணாம போனதை தேடி அடுத்த ஒண்ணரை நாள் நான் பண்ணாத கூத்து இல்ல. டிரைவர் அப்டேட், டிவைஸ் மேனேஜர்ல ரீஸ்கேன், ரீஸ்டார்ட், விண்டோஸ் அப்டேட், மறுபடி ரீஸ்டார்ட். கேபினட்ட திறந்து, டிஸ்க்க போர்டோட இணைக்கிற சாட்டா கேபிள் புதுசு மாத்தினேன், பவர் ஒயரையும் மாத்தி சொருகினேன். டிஸ்க் மேல கைய வச்சா சுத்துறது தெரியுது, வேண்டாத சத்தம் எதுவும் இல்ல, நல்லாத்தான் இருக்கு. கடைசில தர்மபுரில எடிட்டிங் பண்ற ஒரு தம்பிக்கு போன் போட்டேன். அவன் எதையும் கேக்கல, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்: "அண்ணா, பயாஸ்ல தெரியுதாண்ணா?"

பாத்தேன். தெரியல. சாட்டா 2ன்னு இருக்கிற இடத்துல எம்ப்டி.

பயாஸுக்கே தெரியாத டிஸ்க்க விண்டோஸ்ல தேடுறது, மண்டபத்துக்கே வராதவருக்கு இலைய போட்டுட்டு காத்திருக்கிற மாதிரி. ஒண்ணரை நாள் அதைத்தான் பண்ணியிருக்கேன். விண்டோஸ் 11அ நான் திட்டின திட்டுக்கு அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

"புதுசா என்ன மாட்டினீங்க?"ன்னான். எம்.2 எஸ்எஸ்டின்னேன். "அதுல சொருகுற முனையில எத்தன வெட்டு இருக்கு, ஒண்ணா ரெண்டா?"ன்னான். கழட்டிப் பாத்தா ரெண்டு. சிரிச்சுட்டான். எம்.2ன்னு ஒரே வடிவத்துல ரெண்டு ஜாதி வருது, ஒண்ணு வேகமான என்விஎம்இ, இன்னொண்ணு கேபிள் டிஸ்க் மாதிரியே வேலை செய்யிற சாட்டா. பெரும்பாலும் ஒரு வெட்டு இருந்தா என்விஎம்இ, ரெண்டு இருந்தா சாட்டா. நான் விலை கம்மின்னு கடைக்காரர் எடுத்துக் குடுத்ததை வாங்கிட்டு வந்திருக்கேன், அது சாட்டா. வேகமும் பழைய எஸ்எஸ்டி வேகம்தான், நொடிக்கு 550 எம்பி கிட்டயே நின்னுடும். அது பரவால்ல, ஆனா என் போர்டுல அந்த எம்.2 இடத்துல சாட்டா எஸ்எஸ்டி போட்டா 2ம் நம்பர் சாட்டா போர்ட் செத்துடும், ரெண்டுக்கும் ஒரே லைன். போர்டோட மேனுவல எடுத்துப் பாத்தா பொடி எழுத்துல ஒரே ஒரு வரில போட்டிருக்கான். எல்லா போர்டுலயும் இதே நம்பர்னு இல்ல, ஒவ்வொண்ணுக்கும் மாறும், உங்க மேனுவல்லதான் பாக்கணும்.

நான் கேபிள மாத்தினேனே ஒழிய போர்ட்ட மாத்தவே இல்ல. மச்சான் தூக்கிட்டு போன எஸ்எஸ்டி இருந்த 1ம் நம்பர் போர்ட் கண்ணு முன்னாடி சும்மா கிடக்கு! டிஸ்க்க அதுல சொருகி ஆன் பண்ணினேன், பயாஸ்ல வந்துடுச்சு. செலவு பூஜ்யம்.

இப்ப டிஸ்க் மேனேஜ்மென்ட்ல ரெண்டு ஃபாரின். டைனமிக் டிஸ்க் தன்னோட கூட்டாளி யாரு, எந்த சிஸ்டத்தோட சேந்ததுன்னு கணக்க தனக்குள்ளேயே எழுதி வச்சுக்கும், புது விண்டோஸ் அதுக்கு வேற ஆளு, அதனாலதான் ஃபாரின்னு காட்டுது, மத்தபடி டிஸ்க்ல கோளாறு ஒண்ணும் இல்ல. ஏதாவது ஒண்ணுல ரைட் கிளிக் பண்ணி இம்போர்ட் குடுத்தா ரெண்டும் சேந்தே வரும். இந்த தடவ அந்த பொட்டில ஓகேன்னு இருந்துச்சு. குடுத்தேன். அஞ்சு நொடி கூட ஆகல, ஃபோல்டர் எல்லாம் அப்படியே இருக்கு. வீட்டம்மா "ஏங்க, இன்னைக்காவது சாப்பிட வருவீங்களா"ன்னு எட்டிப் பாத்தாங்க, வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்லிட்டு எடிட்டிங் சாஃப்ட்வேர் பிரீமியர திறந்தேன்.

திறந்தா மொத்த டைம்லைனும் சிவப்பு, மீடியா ஆஃப்லைன். ஒரு நிமிஷம் வயித்தை கலக்கிடுச்சு. ஆனா இது சின்ன விஷயம்தான், புது விண்டோஸ் டிரைவ் எழுத்தை மாத்தி வச்சிருச்சு, முன்னாடி ஈயா இருந்த 2 டிபி இப்ப டி, எஃப்பா இருந்தது இப்ப ஈ. முதல்ல ஈய எஃப்பாக்கணும், அப்புறம் டிய ஈயாக்கணும், வரிசை மாத்தி பண்ணினா அந்த எழுத்து லிஸ்ட்லயே வராது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல சேஞ்ச் டிரைவ் லெட்டர்ல மாத்திட்டு பிரீமியர மறுபடி திறந்தா ஒரு கிளிப் கூட லிங்க் பண்ண வேண்டி வரல.

அன்னைக்கு ராத்திரியே 4 டிபி எக்ஸ்டெர்னல்ல மொத்தத்தையும் காப்பிக்கு போட்டுட்டு ஸ்டுடியோலயே பாய் விரிச்சு படுத்துட்டேன், கரண்ட் போனா யுபிஎஸ் கால் மணி நேரம்தான் தாங்கும்னு பயம். காலைல காப்பி முடிஞ்சு திறந்து பாத்து சரியா இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் அந்த ஸ்பேன்டு சமாச்சாரத்த பிரிச்சு ரெண்டு டிஸ்க்கையும் தனித்தனியா ஆக்கினேன். டைனமிக் டிஸ்க்க மைக்ரோசாஃப்ட்டே இப்ப கைகழுவிட்டு வருது, புதுசா யாரும் அதுல போயி விழ வேணாம்.

பொண்ணோட அண்ணனுக்கு அடுத்த வாரமே பென்டிரைவ்ல குடுத்தாச்சு. மச்சான்கிட்ட எஸ்எஸ்டி எப்படி இருக்குன்னு கேட்டேன், லேப்டாப் பறக்குது மாமான்னாப்ல.