குடும்பத்தின் நோய் வரலாற்றை எழுதி முடித்த ஆறு மாதங்கள்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது 2021ஆம் ஆண்டில், அவருடைய 68ஆவது வயதில் கண்டுபிடிக்கப்பட்டது. கிளிநொச்சியிலிருந்து தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கு அவரை அழைத்துச் சென்று வந்த மாதங்களில், பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து உறங்கும்போதெல்லாம், இது எனக்கும் வருமா என்ற கேள்வி எழும். அதை அவரிடம் கேட்க மனம் வராமல் அடக்கிக்கொள்வேன். அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலை, 2011இல் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை நடந்து சென்றவர்கள் திரட்டிய பணத்தில் எழுந்தது என்பதைக் காத்திருப்பு வாங்கில் என் அருகே இருந்த ஒரு முதியவர்தான் சொன்னார். அதை அறிந்த நாளிலிருந்து அந்தப் பயணம் எனக்குச் சற்று இலகுவாயிற்று.

அம்மாவின் சிகிச்சை முடிந்ததும் நான் ஒரு மருத்துவமனைக்குச் சென்று என்னையும் பரிசோதிக்குமாறு கேட்டேன். கட்டி எதுவும் இல்லையென்றால் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நோய் இல்லாதவள் நோயாளிகளின் நேரத்தை எடுத்துக்கொள்கிறேனோ என்ற கூச்சத்தில் அதன்பின் இரண்டு ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

2024இல் எனக்கு 45 வயதானபோது, எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச் சொன்னார். 1996 முதல் நாடெங்கும் நடந்துவரும் இந்தக் கிளினிக்குக்கு 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைக் குறிப்பாக அழைக்கிறார்கள். நிறை, இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றைப் பார்த்து, மார்பகங்களைச் சோதித்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் செய்கிறார்கள். அங்கேதான் வைத்தியர் என்னிடம், அம்மாவுக்கு எத்தனை வயதில் நோய் கண்டது, வேறு யாருக்கெல்லாம் இருந்தது, அவர்களுக்கு எத்தனை வயதில் கண்டது என்று கேட்டார். சின்னம்மாவுக்கும் ரொறன்ரோவில் வந்தது, அம்மம்மாவும் மார்பில் ஆறாத புண்ணோடுதான் இறந்தார் என்றேன். வயதுகளைச் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து பெண்களுக்கு வட்டங்களும் ஆண்களுக்குச் சதுரங்களுமாக ஒரு குடும்ப மரத்தை வரையத் தொடங்கி, பாதியில் என்னிடம் தந்து, “மூன்று தலைமுறை, தாய்வழியும் தந்தைவழியும், ஒவ்வொருவருக்கும் வயதோடு எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார். தந்தைவழி எதற்கு என்று கேட்டேன். மார்பகப் புற்றுநோய்க்கு வழிவிடும் பரம்பரை அலகு தந்தையிடமிருந்தும் மகளுக்கு வரலாம் என்பதும், நாம் மரபணு என்று சொல்லும் அந்த அலகின் பழுது ஆண்களிடமும் இருந்து, அவர்களில் முன்னிற்கும் சுரப்பியின் (புரொஸ்ரேற்) புற்றுநோயாகவும் வெளிப்படக்கூடும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தன.

அந்தத் தாளை நிரப்ப எனக்கு ஆறு மாதங்கள் எடுத்தன. எங்களிடம் ஒரு மருத்துவக் கொப்பிகூட எஞ்சியிருக்கவில்லை. இறுதிப் போரில் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டு, விசுவமடு, தேவிபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வோர் இடமாக நகர்ந்தபோது, முதலில் அலுமாரியும், பிறகு பெட்டியும், கடைசியில் பையும் கைவிடப்பட்டன. செட்டிகுளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்களிடம் அடையாள அட்டைகள் மட்டுமே இருந்தன. ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவுக்கும் ஜேர்மனிக்கும் வட்சப்பில் அழைத்து, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பலர் முதலில் பேச விரும்பவில்லை. பெண்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும் காலத்தில் இந்த நோயின் பெயரை எழுதி வைக்காதே என்று ஒரு மாமி நேரடியாகவே சொன்னார். அவருடைய அச்சம் எனக்கு விளங்கியது. ஆனாலும் அந்தப் பெண்பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன் என்று விளக்கினேன். மூன்றாவது அழைப்பில் அவரே வயதுகளைச் சொன்னார்.

அம்மம்மாவின் வயதுதான் மிகக் கடினமாக இருந்தது. வயது போய்த்தான் செத்தவர் என்றே எல்லோரும் சொன்னார்கள். கடைசி மாமா, வடக்கைத் தாக்கிய 1964 மார்கழிச் சூறாவளியின்போது கைக்குழந்தை என்பதை அம்மா நினைவுகூர்ந்தார். அன்று கைக்குழந்தை வைத்திருந்தவர், நான் பிறந்த 1979இல் இறந்தபோது எழுபதைக் கடந்திருக்க முடியாது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து இறப்புச் சான்றிதழின் பிரதியை எடுத்தேன். வயது 52 என்றும், இறப்புக்குக் காரணம் காய்ச்சல் என்றும் அதில் இருந்தது. வீட்டில் நிகழ்ந்த மரணத்துக்கு வீட்டார் சொன்ன காரணத்தையே அன்று பதிந்திருக்க வேண்டும். புண்ணைக் கழுவி மருந்து கட்டியவர் அம்மா. அவருடைய சொல்லையே நோய்க்கு ஆதாரமாக எழுதினேன்.

எழுத எழுத இன்னொன்று புலப்பட்டது. அம்மாவோடு பிறந்த பெண்கள் மூவர். பெரியம்மா எழுபதைக் கடந்தும் நலமாக இருக்கிறார். சின்னம்மாவுக்கு 2004இல், 44 வயதில் நோய் கண்டது. ஆசையம்மா 2009இல் 46 வயதில் எறிகணை விழுந்து இறந்தார். அவருடைய வட்டத்தில் நான் ‘நோய் இல்லை’ என்று எழுதியிருந்தேன். மரத்தைப் பார்வையிட்ட விசேட வைத்திய நிபுணர் பேனாவை அந்த வட்டத்தின் மீது வைத்து, அப்படி எழுதக்கூடாது, ‘46 வயதில் போரில் இறப்பு’ என்று எழுதுங்கள் என்றார். நோய் வரக்கூடிய வயதுவரை ஒருவர் வாழ்ந்தும் நோய் வராதிருப்பது ஒரு தகவல் என்றும், அந்த வயதை அடையவே விடாமல் உயிர் பறிக்கப்பட்டது அப்படியான தகவல் அல்ல என்றும், முன்னதைப் போல் பின்னதை எண்ணினால் குடும்பத்தின் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம் என்றும் விளக்கினார். பெரியம்மாவின் மகள் 31 வயதில், தந்தைவழியில் இரண்டு சித்தப்பாமார் முப்பதுகளில். ஒவ்வொரு வட்டமாக, ஒவ்வொரு சதுரமாகத் திருத்தினேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். வன்னியில் குடும்ப வரலாறு எழுதும் எவரும் இந்தத் திருத்தத்தைச் செய்தே ஆக வேண்டும் என்று இப்போது நம்புகிறேன்.

வயதில் அவர் ஏன் இவ்வளவு கருத்தாக இருந்தார் என்பதை அன்று கேட்டேன். ஒரு கலம், அதாவது உயிரணு, புற்றுநோய்க் கலமாவதற்கு ஒரு பழுது போதாது, அதன் டி.என்.ஏ.யில் பல விகாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். கலம் பிரியும் ஒவ்வொரு தடவையும் பிழை நேரக்கூடும், பெரும்பாலான பிழைகளை உடலே திருத்தும், திருத்தப்படாதவை ஆண்டுக்கணக்கில் தேங்கும். வயது கூடக்கூடப் புற்றுநோய் வேகமாகப் பெருகுவதை இந்தப் படிப்படியான தேக்கத்தைக் கொண்டு ஆர்மிட்டேஜ், டோல் என்ற இருவர் 1954இலேயே கணித்துக் காட்டினார்கள். ஒரு பழுதைப் பிறக்கும்போதே பெற்றவர் அந்தப் படிகளில் ஒன்றை முன்கூட்டியே கடந்தவராகிறார். ஆகவே அவருக்கு நோய் இளவயதில் வருகிறது. குழந்தைகளின் கண்ணில் வரும் ஒருவகைப் புற்றுநோயை ஆராய்ந்து 1971இல் நுட்சன் என்பவர் சொன்னதும் இதைத்தான். அம்மாவின் 68 வயது தனியே நின்றால் முதுமையோடு பொருந்திவிடும். அதனருகே 44உம் 52உம் வந்து நின்றபோதுதான் குடும்பத்தில் ஏதோ இறங்கி வருகிறதா என்று பார்க்க வேண்டியதாயிற்று. மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம் வரையானவைதாம் இவ்வாறு ஒரே அலகின் பழுதால் பரம்பரையாக வருகின்றன என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரு அலகுகளில் ஒன்றில் அத்தகைய பழுது உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம். அந்தப் பழுது பிள்ளைக்குச் செல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

என்னை உடனே சோதிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் நோய் வந்தவரை முதலில் சோதிப்பதே முறை. நலமாக இருப்பவரிடம் பழுது காணப்படாவிட்டால், அது அவருக்கு வரவில்லையா, குடும்பத்திலேயே இல்லையா, அல்லது தேடிய இடத்தில் இல்லையா என்று பிரித்தறிய முடியாது. சின்னம்மா தமக்குக் கனடாவில் முன்பே சோதனை நடந்திருப்பதை அப்போதுதான் சொன்னார். யாரையும் பயப்படுத்தக்கூடாது என்று மறைத்திருந்தாராம். அனுப்பிய அறிக்கையில், பிஆர்சிஏ2 அலகில் ஒரு மாற்றம் இருப்பதாகவும், அதன் விளைவு இன்னும் உறுதியாகவில்லை என்றும் எழுதியிருந்தது. இந்த நாள்வரை சேர்ந்துள்ள பரம்பரைத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினருடையவை. ஆகையால் எம்மைப் போன்றவர்களிடம் காணப்படும் மாற்றங்கள் தீங்கானவையா, வெறும் வேறுபாடுகளா என்று சொல்ல ஒப்பிடும் ஆட்கள் குறைவு. பின்னாளில் தெளிவு கிடைக்கும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவையாகவே வகைப்படுத்தப்படுகின்றன. இந்த அறிக்கையை வைத்து எவரும் சத்திரசிகிச்சை செய்யவோ, பிள்ளைகளைச் சோதிக்கவோ கூடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சின்னம்மா அந்த ஆய்வுகூடத்திடம் மீண்டும் விசாரிக்க வேண்டும் என்றார்கள். ஆம் அல்லது இல்லை என்ற விடைக்காகக் காத்திருந்த எனக்கு இதை ஏற்க ஓர் இரவு தேவைப்பட்டது.

அதன்பின் என் உடலைப் பற்றிய கேள்விகள் வந்தன. அம்மா 19 வயதிலிருந்து ஆறு பிள்ளைகளைப் பெற்று, ஒவ்வொருவருக்கும் நீண்ட காலம் பாலூட்டியவர். நான் முகாமிலிருந்து மீண்டு வந்து 33 வயதில் திருமணம் செய்து, 34 வயதில் ஒரே மகளைப் பெற்றேன். இளவயதில் பிள்ளைபெறுவதும் நீண்ட நாள் பாலூட்டுவதும் மார்பகத்துக்கு ஓரளவு பாதுகாப்பு. முப்பதுக்குப் பின் வரும் முதற்பேறு அந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை. இவற்றில் எதையும் நான் இனி மாற்ற முடியாது. மாற்றக்கூடியவையாக நிறையும் உடலுழைப்பும் இருந்தன. மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு இழையமே ஈஸ்திரோஜன் ஓமோனை ஆக்குவதால், அந்த வயதில் ஏறும் நிறை ஆபத்தைக் கூட்டுகிறது. மோட்டார் சைக்கிளில் போய்வந்த பாடசாலைக்கு இப்போது சைக்கிளில் போகிறேன். விறகடுப்புப் புகை, கிருமிநாசினி தெளித்தல், பழைய அஸ்பெஸ்ரஸ் கூரைத்தகடுகளை உடைத்தல் ஆகியவற்றையும் விசாரித்து எழுதிக்கொண்டார்கள்.

தந்தைவழிப் பக்கத்தில் அப்பாவின் சதுரம் இருந்தது. 63 வயதில் வாய்ப்புற்றுநோயால் இறந்தவர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகிய நான்கும் அவருடைய இடுப்பு மடியை விட்டு அகன்றதில்லை. இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியிருக்கிறது. அந்தச் சதுரத்தைக் கண்ட நிபுணர், இப்போது வீட்டில் யார் வெற்றிலை போடுகிறார்கள் என்றார். அண்ணாவின் முகம் என் முன் வந்தது. காலபோக அரிவு வெட்டில் இரவிரவாக உழவு இயந்திரம் ஓட்டுபவர். உறக்கம் வராதிருக்க அப்பாவின் அதே தட்டத்திலிருந்து எடுத்துப் போடத் தொடங்கியவர். பரம்பரை அலகைத் தேடி நான் கனடாவுக்கு அழைத்துக்கொண்டிருந்த மாதங்களில், ஒரே முற்றத்தில் இருந்த அவரை ஒருநாளும் கேட்கவில்லை.

“எனக்கு ஒண்டும் இல்லை, உறைப்புத்தான் கொஞ்சம் எரியுது” என்றார். பல் கிளினிக்கில் வாயைத் திறக்கச் சொன்னபோது மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே 28 மில்லிமீற்றர்தான் இருந்தது. சாதாரணமாக 35க்கு மேல் இருக்க வேண்டும். கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார்போல் இறுகியிருந்தது. இடப்பக்கத்தில் சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு ஒன்றும் இருந்தது. சிறு துண்டு எடுத்துச் சோதித்த பயொப்சியில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆனால் கலங்கள் மாறத் தொடங்கியிருந்தன. இறுகிய தசை பழைய நிலைக்குத் திரும்பாது, பாக்கை விட்டால் மேலும் இறுகுவதையும் புற்றாக மாறும் ஆபத்தையும் குறைக்கலாம் என்றார்கள். அன்றிரவு அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த கிழமை அம்மா அந்தத் தட்டத்தைப் புளி போட்டு மினுக்கி, சாமியறையில் பூ வைக்க எடுத்துக்கொண்டார்.

எனக்கு எடுத்த மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயிலும் ஸ்கானிலும் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. ஆண்டுதோறும் வரச் சொல்லியிருக்கிறார்கள். சின்னம்மாவுக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்பிருந்தே அவருடைய மகள்கள் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பதை இருவருக்கும் எழுதி அனுப்பினேன். மூத்தவளுக்கு அந்த வயது ஏற்கெனவே கடந்துவிட்டது, அவள் மறுநாளே நாள் குறித்துக்கொண்டாள். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பாடசாலையிலேயே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டார்கள்; அந்தத் திகதியை மரத்தில் அவளுடைய சிறிய வட்டத்தின் கீழ் அவளே எழுதினாள். சென்ற மாதம் அண்ணாவின் வாயை மீண்டும் அளந்தார்கள். 28 மில்லிமீற்றரே இருந்தது. குறையவில்லை என்று வைத்தியர் சொன்னதும், அவர் அந்த எண்ணைத் தம் கிளினிக் கொப்பியில் ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த திகதி எப்போது என்று தாமாகவே கேட்டார்.