லீக்கில் இவருக்கு என்ன வேலை?

2025 அக்டோபர் 14 அன்று கோவாவின் ஃபதோர்டா அரங்கில் இந்தியக் கால்பந்து அணி சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இழந்தது. 14ஆம் நிமிடத்திலேயே நம் வீரர் சாங்டே கோல் அடித்து முன்னிலை தேடித் தந்த ஆட்டம் அது. மறுநாள் காலை மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு நடைப்பயிற்சிக்கு வந்த நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக்கில் நன்றாக ஆடும் பையன்கள் இத்தனை பேர் இருக்கும்போது, தேசிய அணிக்குக் கோல் அடிக்க ஒரு ஆள் ஏன் கிடைக்கவில்லை?

நான் 22 ஆண்டுகள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். சில முறை மாவட்ட அணித் தேர்விலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: லீக்கில் ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடினார் என்று கேட்பதற்கு முன்னால், லீக்கில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன, இந்திய அணி அவரிடம் கேட்கப்போகும் வேலை என்ன, இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் பல இடங்களில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

இதற்குக் காரணம் ஒளிவுமறைவானதல்ல. 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது ஒரு அணியில் ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டவர் வரை களத்தில் நிற்கலாம். 2017-18இல் அது 5 ஆனது. 2021-22இல் 4 ஆனது. எண்ணிக்கை குறைந்ததை நான் மனதார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். ஆனால் அந்த 4 பேரை எங்கே நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். ஆட்டத்தின் முடிவு யார் காலில் இருக்கிறதோ அந்த இடங்களில்தான் நிறுத்துவார்கள்: ஸ்டாப்பர் (தற்காப்பின் நடுவில் நிற்பவர்), நடுக்களத்தின் மையம், எல்லோருக்கும் முன்னால் நின்று கோல் அடிக்கும் இடம். செலவழித்து ஆள் கொண்டுவருகிற கிளப் வேறு எப்படிச் செய்யும்? நம் பையன்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது இரண்டு ஓரங்களும், மையத்தில் இருப்பவருக்குத் துணையாக ஓடும் வேலையும்தான். கிளப்புக்காக ஆண்டு முழுவதும் ஓரத்தில் ஓடிய ஒருவரைத் தேசிய அணிக்கு அழைத்து, "நீ நடுவில் நில், இரண்டு ஸ்டாப்பர்களை முதுகில் தாங்கிக்கொண்டு பந்தை நிறுத்து" என்றால், அவர் அதை எங்கே கற்றிருப்பார்?

2024-25 பருவத்தின் கோல் பட்டியலே இதற்குச் சாட்சி. 13 கிளப்புகள், ஒவ்வொன்றுக்கும் 24 லீக் ஆட்டங்கள். முதலிடத்தில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியின் மொராக்கோ வீரர் அலாதீன் அஜராய், 23 கோல். இந்தியர்களில் முதலிடம் 14 கோல் அடித்த சுனில் செத்ரிக்கு. அப்போது அவருக்கு வயது 40. 2024 ஜூனில் கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடிவிட்டு, தேசிய அணியிலிருந்து கண்ணீரோடு விடைபெற்றவரை, ஒரு வருடம் முடிவதற்குள் அப்போதைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் திரும்ப அழைத்தார். பலர் அதைப் பின்னோக்கிப் போவதாகச் சொல்லிக் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. நடுவில் நின்று கோல் அடிக்கும் வேலையைக் கிளப்பில் தொடர்ந்து செய்துகொண்டிருந்த இந்தியர் வேறு எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பயிற்சியாளரின் நிலைமை புரியும்.

எந்த இடத்தில் லீக்கை அப்படியே நம்பலாம் என்றால், கோல்கீப்பர் இடத்தில் நம்பலாம். இன்று ஏறக்குறைய எல்லா கிளப்புகளிலும் வலைக்கு முன்னால் இந்தியர்தான் நிற்கிறார். விஷால் கைத் லீக்கில் செய்யும் வேலையும் நாட்டுக்காகச் செய்யும் வேலையும் ஒன்றே. அவர் 2022-23இலும் 2024-25இலும் லீக்கின் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை விருது வாங்கியதை முழு மதிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் 2025 ஜூனில் ஹாங்காங்கில் கடைசி நேரத்தில் அவர் வெளியே வந்து செய்த ஒரு தவறு பெனால்டியாகி, ஆட்டம் 0-1 என்று கைவிட்டுப் போனது. அதற்காக அவரை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வினாடியை வைத்து ஒரு பருவத்தை அழிப்பது, இரண்டு கோலை வைத்து ஒருவரைத் தூக்கி நிறுத்துவதைப் போன்ற தவறுதான்.

முன்வரிசைக்கு வருவோம். மன்வீர் சிங் மோகன் பகான் கிளப்பில் வலது ஓரத்தில் ஆடுகிறவர். இந்திய அணியில் பல முறை நடுவில் நிறுத்தப்பட்டார். 2023 நவம்பரில் குவைத் மண்ணில் அவர் அடித்த ஒரே கோல்தான் நமக்கு வெற்றி தந்தது, அதை மறக்க முடியாது. ஆனால் இடம் மாறி ஆடும் ஒருவரிடம் நாம் வாரக்கணக்கில் கிடைக்கும் முகாமில் கற்றுக்கொள்ளச் சொல்வது, அவர் கிளப்பில் வருடக்கணக்கில் பழகாத ஒன்றை. நம் கன்னியாகுமரி மைக்கேல் சூசைராஜும் அப்படித்தான்: ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் சென்னை சிட்டிக்காக முன்னேறி ஆடிப் பெயர் வாங்கியவரை, பிறகு கொல்கத்தாவின் ஐ.எஸ்.எல். கிளப்பான ஏ.டி.கே.யில் இடது ஓரம் முழுவதையும் காக்க வைத்தார்கள். அதையும் சிறப்பாகவே செய்தார். 2020 நவம்பரில் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் வெளியேறியபோது, ஒரு நல்ல ஆட்டக்காரரின் வேலை எதுவென்று முடிவாகும் முன்பே காலம் போய்விட்டதே என்று எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது.

எனக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் சிவசக்தி நாராயணன். காரைக்குடி பக்கம் கண்டனூர்க்காரர். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரம். 2022-23 பருவத்தில் பெங்களூரு எஃப்.சி. அவரை ஃபிஜி வீரர் ராய் கிருஷ்ணாவோடு முன்வரிசையில் இறக்கியது. செத்ரி பெஞ்சிலிருந்து வந்த ஆட்டங்கள் அப்போது உண்டு. வளர்ந்து வரும் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் ஃபதோர்டாவில் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அடிபட்டு அவர் வெளியே போக, செத்ரி உள்ளே வந்தார். என் வீட்டில் அன்று ஆட்டம் பார்க்கக் கூடியிருந்தவர்கள் ஒரு நிமிடம் பேசவே இல்லை.

அதன் பின் நடந்ததைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். 2024-25இல் அதே கிளப்பின் முன்வரிசையில் செத்ரி, எட்கர் மெண்டஸ், ஹோர்ஹே பெரேரா தியாஸ், ரயன் வில்லியம்ஸ் எல்லோரும் இருந்தார்கள். சிவசக்திக்குப் பெரும்பாலும் கிடைத்தது மாற்று ஆட்டக்காரருக்கான நிமிடங்கள். அந்த வரிசையில் இருந்த வில்லியம்ஸ் 2025 நவம்பரில் இந்தியக் குடியுரிமை பெற்றுத் தேசிய முகாமுக்கு வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிவசக்தியைத் தேசிய அணிக்குப் பரிசீலிக்கிறவர் கோல் எண்ணிக்கையைப் பார்த்தால் "குறைந்துவிட்டது" என்றுதான் எழுதுவார். கோல் குறைந்ததா, நடுவில் நிற்கும் நிமிடம் குறைந்ததா என்று கேட்டால்தான் நியாயம்.

சரி, நிமிடங்களே குறைவாக இருக்கும்போது எதை வைத்து மதிப்பிடுவது? இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு 17 வயதுக்கு உட்பட்டோர் மாவட்ட அணித் தேர்வு இந்த ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்தது. செம்மண் புழுதி கிளம்பும் மே மாத மாலை. ஒரு பையன் இடது ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி மூன்று கோல் அடித்தான். நான் உடனே அவன் பெயரை எழுதிவிட்டேன். எனக்குப் பக்கத்தில், ரயில்வே அணிக்கு ஆடி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "தம்பி, பந்தையே பாத்துக்கிட்டு இருந்தா பயலுகளப் பாக்க முடியாது. அந்தா, நடுவுல நிக்கிறான் பாருங்க, கறுப்பு ட்ரவுசர், அவனப் பாருங்க" என்றார். நான் பார்த்தேன். அவன் ஒரு கோலும் அடிக்கவில்லை. பந்து தன்னிடம் வருவதற்கு முன் இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான். பின்னால் நின்றவனின் மூச்சு கழுத்தில் படும் நெருக்கத்தில், உள்ளங்காலால் பந்தை அரையடி நகர்த்தி நிறுத்தி, ஓரத்தில் ஓடியவனுக்கு ஒரே தட்டில் கொடுத்தான். பந்து பறிபோனபோது தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கவில்லை. பறித்தவனைத் துரத்திக்கொண்டு பத்து கெஜம் ஓடினான். மூன்று கோலில் இரண்டு அவன் கொடுத்த பந்து. அதையெல்லாம் பார்த்த பிறகும், மூன்று கோல் என்ற எண்ணுக்கு மயங்கி, ஒரே ஒரு இடம் இருந்த நிலையில் ஓரத்தில் ஓடியவனையே தேர்ந்தெடுத்தேன். மண்டலப் போட்டியில் பக்கத்து மாவட்டத்து அணி அவனுக்கு ஓட இடமே கொடுக்கவில்லை. முதல் பாதியிலேயே அவன் ஆட்டத்திலிருந்து காணாமல் போனான். பழி அவனுடையதல்ல, என்னுடையது.

அன்றிலிருந்து ஐ.எஸ்.எல். ஆட்டம் பார்க்கும்போது நான் பார்ப்பது இவற்றைத்தான். பந்து வருவதற்கு முன் எத்தனை முறை சுற்றிப் பார்க்கிறார்? முதுகில் ஒருவர் ஒட்டி நிற்கும்போது முதல் தொடுதல் எங்கே போகிறது? அணியின் வெளிநாட்டு முன்களவீரர் காயத்தாலோ சிவப்பு அட்டையாலோ இல்லாத நாளில் இவர் எங்கே நிற்கிறார், அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்கிறார்? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஏனென்றால் சர்வதேச ஆட்டம் முழுவதும் அந்த அரை மணி நேரத்தைப் போன்றதுதான். பந்தை வாங்கி முடிவெடுக்க அங்கே வேறு யாரும் வரமாட்டார்கள். அதோடு, லீக்கில் ஒரு ஸ்டாப்பர் பந்தோடு வருகிறவருக்குக் கொடுக்கும் நேரத்தைச் சிங்கப்பூரோ ஹாங்காங்கோ கொடுப்பதில்லை. லீக்கில் இரண்டு தொடுதலில் முடிக்கிறவருக்கு அங்கே இடம் உண்டு, நான்கு தொடுதல் தேவைப்படுகிறவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் திணறுவார்.

இப்படித் தேடினால் ஆள் கிடைப்பார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தேசிய அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற காலித் ஜமீல் பல ஆண்டுகள் உள்நாட்டு கிளப்புகளில் பயிற்சி கொடுத்தவர். எந்தப் பையன் எந்த வேலையைச் செய்வான் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர். அவருடைய முதல் தொடரான மத்திய ஆசியக் கோப்பைக்கு மோகன் பகான் தன் வீரர்களை அனுப்பவில்லை. இருந்தும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் உதாந்தா சிங் அடித்த கோலால் ஓமனைச் சமன் செய்து, பெனால்டியில் வென்றது அந்த அணி. அடுத்த மாதமே சிங்கப்பூரிடம் தோற்றதும் உண்மை. ஆனால் அந்த ஆண்டு ஐ.எஸ்.எல். வழக்கமான காலத்தில் தொடங்கவே இல்லை. லீக் ஆட்டமே ஆடாத வீரர்களை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

மகளிர் கால்பந்தைச் சொல்லாமல் மதுரைக்காரன் இதை முடிக்க முடியாது. எங்கள் சேது எஃப்.சி. 2019இல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கொண்டுவந்தது. மகளிர் லீக்கில் சிக்கல் வேறு மாதிரியானது: அணிகளுக்கு இடையே தர வித்தியாசம் பெரிது, பலவீனமான அணிக்கு எதிராக ஒரே நாளில் அடித்த நான்கைந்து கோல்கள் ஒரு பெண்ணின் கணக்கை உயர்த்திக் காட்டிவிடும். 2025இல் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நம் பெண்கள் மங்கோலியாவை 13-0 என்று வென்றார்கள். ஆனால் தகுதியை முடிவு செய்தது சியாங் மாயில் தாய்லாந்துக்கு எதிராக வந்த 2-1. அந்த இரண்டு கோலையும் அடித்தவர் நடுக்களத்தில் ஆடும் சங்கீதா பாஸ்ஃபோர். 13 கோல் வந்த ஆட்டத்தை வைத்து அணி எடுக்கிறவர், தாய்லாந்தோடு ஆட வேண்டிய நாளில் யாரை நம்புவார் என்று யோசித்துப் பாருங்கள்.

என்னிடம் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இந்திய முன்களவீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். கோல் எண்ணிக்கைக்கு அதில் இடம் ஒதுக்கவில்லை. அது எங்கும் கிடைக்கும். "நடுவில் நின்ற நிமிடங்கள்" என்று ஒரு கட்டம், "பந்து பறிபோன பிறகு" என்று இன்னொரு கட்டம். முதல் பக்கத்தில் கண்டனூர்க்காரர் பெயர் இருக்கிறது. அவர் அடுத்து எந்த ஆட்டத்தில், எந்த இடத்தில் இறங்கினாலும் அந்தக் கட்டங்களை நிரப்பப் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன்.