இறக்கை மேலேயா, கீழேயா?

போன ஞாயிறு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சண்டை. மனைவியின் தமையன் வந்திருந்தார். எழுபது தாண்டிய மனிதர், சொன்ன சொல்லை மாற்றமாட்டார். ஏர் சிலோன் காலத்து அவ்ரோ விமானத்தில் இறக்கை தலைக்கு மேலே இருக்கும், அதனால்தான் ஜன்னலால் பார்த்தால் புத்தளம் களப்பு முழுக்கத் தெரியும் என்றார். நான் இல்லை என்றேன். மனைவி ரசத்தை நடுவில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு சாட்சி. 1974. எனக்கு ஒன்பது வயது. கோப்பாயில் அப்பம்மாவுக்குக் கடுமை என்று தந்தி வந்தது. இரவு மெயிலில் போனால் விடிந்துதான் யாழ்ப்பாணம், அதுவரை பொறுக்க அப்பாவுக்கு மனமில்லை. யாரிடமோ கடன் வாங்கி ரிக்கெற் எடுத்தார். ரத்மலானையில் ஏறினோம். எனக்கு ஜன்னலோரம். ஊர் தெரியும் என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டினால், தெரிந்தது ஒரு பெரிய தகரப் பீப்பாய். எஞ்சின்! இறக்கையின் முதுகில் ஏறிக் குந்தியிருந்தது. மிளகு மிளகாக ஆணித்தலைகள், அவற்றுக்குப் பின்னால் எண்ணெய் வழிந்து காய்ந்த ஒரு கறுப்புக் கோடு. புத்தளமும் தெரியவில்லை, மன்னாரும் தெரியவில்லை. பலாலி வரை அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். இறக்கை மேலே இருந்திருந்தால் எஞ்சினின் முதுகை நான் எப்படிப் பார்த்திருப்பேன்?

எஞ்சினை அப்படித் தூக்கி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தாழ்ந்த இறக்கையில் எஞ்சினை நேராகப் பொருத்தினால் விசிறி நிலத்தில் முட்டும். முட்டாமல் இருக்கக் கால்களை நீளமாக்க வேண்டும், நீண்ட கால் என்றால் பாரம். அவ்ரோக்காரர்கள் காலைக் குட்டையாக விட்டு, எஞ்சினை இறக்கைக்கு மேலே ஏற்றினார்கள். பார்க்க அழகில்லை. ஆனால் புல்லும் கல்லும் கிடக்கிற ஓடுபாதையில் விசிறி தப்பும்.

லங்காஸ்டர், வல்கன் என்று குண்டுவீச்சு விமானம் கட்டிய கம்பனி அது. 1957இல் பிரித்தானிய அரசாங்கம் இனி ஏவுகணைதான், ஆள் ஓட்டும் போர் விமானங்களைக் குறைக்கிறோம் என்று அறிவித்ததும் பயணிகள் பக்கம் திரும்பினார்கள். குறி வைத்தது டக்கோட்டாவின் இடத்தை. ஓட்டை வாகனத்தை நாம் கேலியாக டக்கோட்டா என்கிறோமே, அந்தப் பெயருக்குரிய அசல் விமானம். ஏர் சிலோனும் அதைத்தான் வைத்து ஓட்டியது. அவ்ரோ 748 முதலில் பறந்தது 1960 ஜூன் 24இல். அடுத்த ஆண்டே பலம் கூடிய எஞ்சினோடு இரண்டாம் வரிசை. ஏர் சிலோனிடம் இருந்தது இந்த வரிசைதான். பிறகு 2ஏ, இறக்கை நுனி நீண்ட 2பி, 1984இல் சுப்பர் 748. இந்தியாவில் கான்பூரில் 89 கட்டினார்கள். மொத்தம் 380.

இவற்றுள் எனக்குப் பிடித்தது பிரித்தானிய விமானப்படைக்குச் செய்த அண்டோவர். வால் பக்கம் திறந்து சாமான் ஏற்றலாம். ஏற்ற வசதியாகச் சில்லுக் கால்களை மடக்கி, ஒட்டகம் மாதிரி உடம்பைத் தாழ்த்தும். இதை யோசித்தவன் கட்டாயம் சுமை தூக்கி முதுகு வலித்தவனாகத்தான் இருப்பான்.

நான் போன அந்த விமானம் இப்போது இல்லை. 1978 செப்டெம்பர் 7, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்று, பலாலியிலிருந்து வந்து ரத்மலானையில் ஆட்கள் இறங்கிய பிறகு குண்டு வெடித்து எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அன்று முழுக்கப் பேசவில்லை.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். அவ்ரோவின் கடைசி வாரிசு ஏ.ரி.பி. பழைய உடம்பை இழுத்து நீட்டி, புது எஞ்சினும் ஆறு இதழ் விசிறியும் பூட்டி 1986இல் பறக்கவிட்டார்கள். எழுபதுகூட விற்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் முந்தியே பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து ஏ.ரி.ஆர் 42ஐப் பறக்கவிட்டிருந்தன. பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் அத்திவாரத்திலிருந்தே புதிதாகக் கட்டியது அது. 1988இல் அதை நீட்டி 72. அந்த 72 மட்டுமே ஆயிரத்துக்கு மேல் போயிருக்கிறது. அவ்ரோ மேல் எனக்குப் பாசம்தான், ஆனால் தோற்றது நியாயம்.

2023இல் சென்னையிலிருந்து பலாலிக்கு ஏ.ரி.ஆர் 72-600இல் போனேன். இறக்கை தலைக்கு மேலே. ஏறுவது பின்கதவால், சாமான் முன்பக்கம். புறப்படுமுன் வலப்பக்க எஞ்சின் இரைகிறது, விசிறியோ அசையாமல் நிற்கிறது. பக்கத்தில் இருந்த பெண் பயந்துபோய், பழுதா என்று என்னைக் கேட்டாள். பழுதில்லை, விசிறிக்கு பிரேக் போட்டுவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிடுவார்கள், கரண்டும் ஏசியும் அதிலிருந்துதான், இதற்கெனத் தனியாக ஒரு குட்டி எஞ்சினைச் சுமக்கத் தேவையில்லை என்று விளக்கினேன். பாதியிலேயே அவள் போனை எடுத்துவிட்டாள்.

இதையெல்லாம் ஞாயிறு மத்தியானம் மச்சானிடமும் சொன்னேன். அவர் அசையவில்லை. "அந்தக் கீச்சுச் சத்தம் இன்னும் காதில நிக்குது தம்பி. அவ்ரோதான்."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மச்சான் எழுபதுகளில் மதராஸில் படித்தவர். விடுமுறைக்கு மதுரைக்கு எதில் போனீர்கள் என்று கேட்டேன். இந்தியன் எயர்லைன்ஸ், ஃபொக்கர் பிரெண்ட்ஷிப் என்றார். பிடிபட்டுவிட்டது. ஃபொக்கருக்கு இறக்கை மேலே. எஞ்சின் மட்டும் அவ்ரோவில் இருந்த அதே ரோல்ஸ் ரொய்ஸ் டார்ட். டார்ட் என்பது அம்பு இல்லை, இங்கிலாந்தில் ஓர் ஆற்றின் பெயர். அந்த எஞ்சின் எதில் இருந்தாலும் காதைக் கிழிக்கும். காது அவ்ரோ என்றது, கண் ஃபொக்கரைப் பார்த்திருக்கிறது. இரண்டும் ஐம்பது வருடத்தில் ஒட்டிப்போயின.

மச்சான் கொஞ்ச நேரம் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் பார்த்த களப்பு எது?"

மதுரைப் பக்கத்துக் கண்மாயாக இருக்கும் என்றேன். இல்லையாம், புத்தளம்தானாம்.