யூனிஸில் மூன்று நாள்: ஆட்டமும் அருங்காட்சியகமும்

வெள்ளி, நவம்பர் 8, 2019

திங்கள்கிழமை விடுமுறை. அதனால் மதியமே ஹூஸ்டனிலிருந்து தங்கும் டிரெய்லரை ட்ரக்கில் மாட்டிக்கொண்டு, லூசியானா மாநிலத்தில் இருக்கும் யூனிஸ் ஊருக்குக் கிளம்பிவிட்டோம். ஐ-10 சாலையில் கிழக்கே போனால் லேக் சார்ல்ஸில் ஒரு பழைய பாலம் வரும். 1952இல் திறந்தது. அடியில் கப்பல் போக வேண்டும் என்று நல்ல உயரத்தில் கட்டியிருக்கிறார்கள், ஏற்றமும் இறக்கமும் கடுமை. பின்னால் அவ்வளவு பாரம் இழுக்கும்போது இவர் பேச்சையே நிறுத்திவிடுவார். நான் கைப்பிடி ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். குறுக்காக வைத்த இரட்டைத் துப்பாக்கிகள், இரும்பில் செய்தவை, வரிசையாக வந்துகொண்டே இருந்தன. கடற்கொள்ளையன் ழான் லஃபீட்டின் ஞாபகமாம்.

க்ரௌலியில் வடக்கே திரும்பியதும் இரண்டு பக்கமும் நெல்வயல். அறுவடை முடிந்து, தாளோடு தண்ணீர் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். இது அடுத்த போகத்துக்கு இல்லை, கிராஃபிஷ் என்ற இறால் போன்ற நன்னீர் உயிரி வளர்க்க. தாள் மக்கி அதில் உண்டாகும் புழு பூச்சிதான் அதற்குத் தீனி. கோடையில் நெல், குளிரில் கிராஃபிஷ் என்று ஒரே வயல் இரண்டு வேலை செய்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

யூனிஸுக்கு வடக்கே லேக்வியூ பார்க்கில் இடம் போட்டிருந்தோம். இருட்டுவதற்குள் மட்டம் பார்த்து நிறுத்தி, தண்ணீரும் கரண்டும் மாட்டியாகிவிட்டது. ரசம், அப்பளம், தூக்கம்.

சனி, நவம்பர் 9

காலை ஒன்பதுக்கே சவாய் மியூசிக் சென்டர். மார்க் சவாய் 1966இல் தொடங்கிய கடை. அக்கார்டியன், அதாவது கையில் பிடித்து வாசிக்கும் துருத்திப் பெட்டி, செய்கிறவர் அவர். சனிக்கிழமை காலையில் கடையில் வியாபாரத்தைவிட வாசிப்புதான் பெரிது. கருவி வைத்திருக்கும் யாரும் வந்து வட்டத்தில் உட்காரலாம். எங்களைப் போல வெறுங்கையோடு வந்தவர்கள் சுவரோரமாக நின்று கேட்கலாம். யாரோ பூடின் வாங்கிவந்து வைத்திருந்தார்கள். அரிசிச் சோறும் பன்றி இறைச்சியும் அடைத்த சாசேஜ். இவர் சாப்பிட்டார், நான் காபியோடு நிறுத்திக்கொண்டேன்.

என் பக்கத்தில் ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும், அக்கார்டியனை மடியில் வைத்திருந்தான். ஒரே வரிசையில் பத்துப் பொத்தான். ஒவ்வொன்றும் துருத்தியை அமுக்கும்போது ஒரு சுரம், இழுக்கும்போது வேறு சுரம். அதனால் மெட்டு விரலில் மட்டும் இல்லை, தோளிலும் இருக்கிறது. அவனுடைய இடது தோள் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே வெளியே போய்வந்தது. எதிரே ஒரு பாட்டி முக்கோணக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். நம் பஜனையில் ஜால்ராவுக்கு என்ன வேலையோ, இங்கே அதற்கு அதே வேலை. அந்தக் காலத்தில் வைக்கோல் வாரும் இயந்திரத்தின் பழைய இரும்புப் பல்லை வளைத்துத்தான் இதைச் செய்வார்களாம்.

மதியம் ஊருக்குள் பிரெய்ரி அகேடியன் கல்ச்சுரல் சென்டர். தேசியப் பூங்காத் துறை நடத்துவது, நுழைவுக் கட்டணம் கிடையாது. இந்தப் பக்கத்துப் பிரெஞ்சு வழி மக்களைக் கேஜன்கள் என்பார்கள். அவர்களின் முன்னோர் கனடாவில், இன்றைய நோவா ஸ்கோஷியா பக்கம் இருந்த பிரெஞ்சுக் குடியானவர்கள். பிரிட்டிஷ் அரசருக்கு நிபந்தனையில்லாத விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் 1755இலிருந்து அவர்களைக் கப்பலில் ஏற்றித் துரத்தினார்கள். குடும்பம் குடும்பமாகப் பிரிந்து சிதறியவர்களில் ஒரு பகுதியினர் 1760களில் லூசியானா வந்து சேர்ந்தார்கள். 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் இன்னும் ஆயிரத்து அறுநூறு பேர் போல வந்தார்கள். படித்துக்கொண்டே போனவள், வீட்டு நடனம் பற்றிய பகுதிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். சனிக்கிழமை இரவு கட்டில் மேசையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டு வீட்டையே கூடமாக்கிவிடுவார்களாம். கைக்குழந்தைகளை ஓர் அறையில் தூங்கவைத்துவிட்டு ஆட்டம்.

இரவு அதைத்தான் நாங்களும் செய்தோம், பார்க்கின் பழைய கொட்டகையில். தரையில் சோளமாவு தூவியிருந்தது. முதல் பாட்டிலேயே ஒரு பெரியவர் வந்து இவரிடம் அனுமதி கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் தயங்குவதைப் பார்த்து இவர், “போயிட்டு வாம்மா, நான் பார்த்துக் கத்துக்கிறேன்” என்றார். வால்ட்ஸ். ஜோடிகள் எல்லாரும் இடஞ்சுழியாகத் தளத்தைச் சுற்றிவர வேண்டும். மெதுவாக ஆடுகிறவர்கள் உள்வட்டத்துக்குப் போய்விட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அப்புறம் டூ-ஸ்டெப். தோல் அடி வைத்த செருப்புதான் இதற்குச் சரி, ரப்பர் தரையைக் கவ்விக்கொண்டு முழங்காலைத் திருகிவிடும். எண்பது வயதுக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் மாறி மாறிக் கைகோத்து ஆடுகிறார்கள். ஆடத் தெரிந்தவர் தெரியாதவரைக் கூப்பிடுவது இங்கே சாதாரண மரியாதை. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஞாயிறு, நவம்பர் 10

டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு ட்ரக்கில் ஓப்பலூசஸ். ஐ-49 ஓரத்து வரவேற்பு மையத்தில் அமடே ஆர்டுவான் சிலை. 1898இல் பிறந்த அக்கார்டியன்காரர், இந்தப் பக்கத்துப் பிரெஞ்சு பேசும் கறுப்பின மக்களான க்ரியோல்களில் ஒருவர். 1929இல் டென்னிஸ் மக்கீ என்ற வெள்ளை வயலின்காரரோடு சேர்ந்து முதல் இசைத்தட்டு கொடுத்தார். ஆர்டுவான் பதிவு செய்த மெட்டுகள்தான் இன்றைக்கும் கேஜன் இசை, க்ரியோல்களின் ஸைடிகோ இசை இரண்டுக்கும் அடித்தளம். ஒரு நடன வீட்டில் வியர்வை துடைக்க வெள்ளைக்காரப் பெண் கொடுத்த கைக்குட்டையை வாங்கினார் என்பதற்காக அடித்துப் போட்டார்கள் என்று இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1942இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். புதைத்த இடத்துக்கு அடையாளம் கிடையாது. சிலை வந்ததே 2018இல்தான். நேற்றிரவு அவ்வளவு சந்தோஷமாக ஆடிய வால்ட்ஸ் யார் யாருடைய கையைக் கடந்து என்னிடம் வந்தது என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது. ஆடப் போகிறவர்கள் இந்தச் சிலையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

லஃபாயெட்டில் வெர்மிலியன்வில். பேயூ என்ற மெதுவாக ஓடும் ஓடையின் ஓரத்தில் 23 ஏக்கர், பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த திறந்தவெளி அருங்காட்சியகம். ஒரு வீட்டில் ராட்டையில் பழுப்புப் பருத்தி நூற்றுக்கொண்டிருந்தார் ஒரு பெண்மணி. சாயமே இல்லை, செடியிலேயே அந்த நிறம். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் தாய் இதில் போர்வை நெய்து சீராகக் கொடுப்பாள்.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முழுக்க ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில்: பள்ளி வளாகத்தில் இனி பிரெஞ்சு பேச மாட்டேன். 1921இல் மாநில அரசியல் சட்டம் பள்ளியில் ஆங்கிலம்தான் என்று ஆக்கிய பிறகு பிள்ளைகளுக்குக் கொடுத்த தண்டனை அது. வீட்டு மொழியைப் பேசியதற்கு இம்போசிஷன். 1968இல் பிரெஞ்சை மீட்க மாநிலமே ஒரு அமைப்பை உருவாக்கியது. அதற்குள் ஒரு தலைமுறை தன் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசாமலே விட்டிருந்தது.

ஒரு மணிக்கு அரங்கில் நடனம். இன்று ஸைடிகோ. மார்பில் சட்டைபோல மாட்டிக்கொள்ளும் நெளி தகட்டை ஒருவர் இரண்டு கையாலும் சுரண்டித் தாளம் போட்டார். 1946இல் ஸைடிகோ கலைஞர் க்ளிஃப்டன் ஷெனியே யோசனை சொல்லி இந்த வடிவத்தில் செய்யவைத்தது. ஸைடிகோவில் முழங்கால் தளர்ந்து உடம்பு தாழ வேண்டும், அடி சின்னதாக இருக்க வேண்டும். இவருக்கு இது உடனே வந்துவிட்டது. நடுவில் என்னோடு உட்கார்ந்த ஒரு அம்மா, தானும் பள்ளியில் அந்த இம்போசிஷன் எழுதியவள்தான் என்றார். “எங்கம்மா பிரெஞ்சில் திட்டினாங்க, டீச்சர் இங்கிலீஷில் திட்டினாங்க.” சொல்லிவிட்டு அடுத்த பாட்டை முழுசாக, ஒரு வார்த்தை விடாமல் கூடவே பாடினார். பிறகு எழுந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

திங்கள், நவம்பர் 11

காலையில் கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்து, டிரெய்லரை மாட்டி, பிரேக் விளக்கு பார்த்துக் கிளம்பினோம். கால் ஆடுசதை வலிக்கிறது, சுகமான வலி.

பக்கத்து ஊர் மாமூவில் ஃப்ரெட்ஸ் லவுஞ்ச் என்று ஒரு சின்னக் கூடம் உண்டு. சனிக்கிழமை காலையிலேயே பாட்டும் ஆட்டமும், வானொலியில் நேரடியாகவும் போகும். அதுவும் சவாய் கடை வட்டமும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒன்றைத்தான் பார்க்க முடியும். அடுத்த முறை மாமூ என்பது என் கட்சி. இவருக்கு அந்தப் பையன் எவ்வளவு தேறியிருக்கிறான் என்று பார்க்க வேண்டுமாம்.